நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல்: சூடோமோனாஸை எப்போது, எப்படிக் கொடுப்பது?

சம்பாப் பயிர் தூர் கட்டி நிற்கும். வடகிழக்குப் பருவமழை காற்றோடு இரண்டு நாள் அடித்துவிட்டு ஓயும். நாலைந்து நாளில் இலைகளின் நுனியும் ஓரமும் வைக்கோல் நிறத்துக்கு மாறும். அப்போதுதான் பலரும் கடைக்குப் போய், சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா கலந்த தூளைக் கேட்கிறார்கள். தெளித்துப் பார்த்துவிட்டு, "அது ஒன்றும் கேட்கவில்லை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கேட்காததில் வியப்பில்லை. அது முன்கூட்டியே வேரில் குடியேற வேண்டிய உயிர். கருகிய இலையைத் திரும்பப் பச்சையாக்கும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது.

இந்த வழிகாட்டி காவிரி டெல்டாவின் சம்பா, தாளடிப் பட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இந்த நோய்க்கு ஏற்ற காற்று, மழை, ஈரப்பதம், 25 முதல் 34 டிகிரி வரையான வெப்பம் எல்லாம் கூடி வருவது அந்தப் பட்டத்தில்தான். கணக்கு முழுவதும் ஏக்கருக்கு. டெல்டாக்காரர்கள் மூன்று மா என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில், இது அந்த நோய்தானா?

இலை காய்வதற்குக் காரணம் பல. சாம்பல் சத்துக் குறைவிலும் அடி இலைகளின் நுனியும் ஓரமும் காயும். குலைநோயிலும் இலை கருகும், ஆனால் அங்கே கண் வடிவப் புள்ளி இருக்கும். பாக்டீரியா இலைக்கருகலில் நுனியிலிருந்தோ ஓரத்திலிருந்தோ மஞ்சள் கோடு கிளம்பி, அலை அலையான விளிம்போடு கீழ்நோக்கி இறங்கும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே உள்ள எல்லை நேராக இருக்காது, நெளிந்து ஓடும். காலையில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் பால் போன்றோ, மஞ்சளாகவோ சிறு துளிகள் ஒட்டியிருக்கும். வெயில் ஏறினால் அவை உலர்ந்து மஞ்சள் மணிகளாக உதிரும். ஒவ்வொரு துளியிலும் கோடிக்கணக்கில் கிருமி.

சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் ஒரு துண்டு இலையைக் கத்தரித்து, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்நிற இழை இறங்கினால் அது பாக்டீரியாதான். இழை வரவில்லை என்றால் வேறு காரணத்தைத் தேடுங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை, ஆனால் செய்பவர்கள் குறைவு.

நட்ட சில வாரங்களுக்குள் இளம் பயிர் முழுதாக வாடிச் சுருண்டு சாவது இதே நோயின் இன்னொரு முகம். புத்தகங்களில் 'கிரெசெக்' என்று போட்டிருக்கும். தண்டுத்துளைப்பானின் நடுக்குருத்துக் காய்தலோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். குருத்தைப் பிடித்து இழுங்கள். பூச்சி கடித்தது என்றால் சுலபமாக உருவிக்கொண்டு வரும். உருவ மறுத்து, அடித்தண்டை அமுக்கினால் மஞ்சள் நீர் கசிந்தால் கிரெசெக்.

இலை நரம்புகளுக்கு இடையில் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பாக்டீரியா இலைக்கீற்று. அதற்குக் காரணம் இதே கிருமியின் நெருங்கிய உறவு. இலைத்துளைகள் வழியாக நுழைவது அது. கீழே சொல்லும் முறைகள் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

கிருமி எப்படி நுழைகிறது, நல்ல பாக்டீரியா எங்கே நின்று தடுக்கிறது?

விடியற்காலையில் நெல் இலையின் நுனியிலும் ஓரத்திலும் முத்து முத்தாக நீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் பனி இல்லை. பயிர் இரவில் வேர் வழியாக உறிஞ்சிய தண்ணீரை இலை ஓரத்து நீர்த்துளைகள் வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் வந்ததும் அந்தத் துளியில் ஒரு பகுதி திரும்ப உள்ளே இழுக்கப்படும். சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற நோய்க்கிருமி அந்தத் துளியில் இருந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே போகும். காற்றில் இலையோடு இலை உரசிய கீறல், நாற்றுப் பறிக்கும்போது அறுந்த வேர், கிள்ளிய நுனி ஆகியவையும் அதற்கு வாசல்கள். உள்ளே போனதும் தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி அடைத்துவிடும். இலை தண்ணீர் கிடைக்காமல் காய்கிறது.

கிருமி குழாய்க்குள் இருக்கிறது, நாம் தெளிப்பது இலையின் மேல். அதனால்தான் நோய் கண்ட பிறகு தெளிப்பது எதுவாக இருந்தாலும் அரைகுறை பலனே தரும்.

சூடோமோனாஸ் புளோரசன்ஸ் வேலை செய்யும் வழி ஒன்றல்ல. முதலாவது நேரடித் தாக்குதல். அதன் சில வகைகள் டை அசிட்டைல் புளோரோகுளுசினால் என்ற பொருளைச் சுரக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.எஸ். ஞானமாணிக்கத்தின் குழு 278 சூடோமோனாஸ் வகைகளைச் சோதித்ததில் 27 மட்டுமே இதைச் சுரந்தன. அவற்றைக் கொடுத்த பயிரில் இலைக்கருகல் 59 முதல் 64 விழுக்காடு வரை குறைந்ததாக 2006இல் வெளியிட்டார்கள். அந்தப் பொருளைச் சுரக்க முடியாதபடி மாற்றிய அதே பாக்டீரியாவைக் கொடுத்தபோது பலன் வெகுவாகக் குறைந்தது. இதில் விவசாயிக்கு ஒரு செய்தி இருக்கிறது. 'சூடோமோனாஸ்' என்று பெயர் போட்டதெல்லாம் ஒரே சரக்கு அல்ல, எந்த வகை என்பது முக்கியம்.

இரண்டாவது வழி போட்டி. இந்தப் பாக்டீரியா புற ஊதா ஒளியில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். அந்த நிறமிதான் சுற்றியுள்ள இரும்புச் சத்தைப் பிடித்து இழுத்து, மற்ற கிருமிகளைப் பட்டினி போடுகிறது. தண்ணீர் நிற்கும் சேற்றில் கரைந்த இரும்புக்குப் பஞ்சமில்லை என்பதால் வேரில் இந்த வித்தை எவ்வளவு எடுபடும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

மூன்றாவதுதான் இங்கே பெரியது. வேரில் குடியேறிய பாக்டீரியாவை உணர்ந்து பயிர் தன் எதிர்ப்புச் சக்தியைத் தயார் நிலைக்குக் கொண்டுவருகிறது. பீனால் பொருட்கள் கூடும், செல்சுவர் தடிக்கும், சில நொதிகள் முன்பே சுரக்கும். கிருமி இலையில் நுழையும்போது பயிர் விழித்திருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி. வித்யாசேகரன் குழுவினர் பிஎஃப் 1 என்ற வகையை மாக்கல் தூளில் கலந்து கொடுத்து, நெல்லில் இந்தத் தூண்டப்பட்ட எதிர்ப்பைக் காட்டினார்கள். இன்று நம் வேளாண் விரிவாக்க மையங்களில் கிடைக்கும் வெள்ளைத் தூள் அந்த வழியில் வந்ததுதான்.

பயிர் இந்தத் தயார் நிலைக்கு வர நாள் பிடிக்கும். கடற்கரைத் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் அக்டோபர் 20. அதற்கு முன்பே விதையிலும் வேரிலும் வேலை முடிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

பாக்கெட் வாங்கும்போது

உயிருள்ள பொருள் என்பதை மறந்துவிட்டுப் பூச்சிமருந்து போல வாங்குவதில்தான் பாதி பணம் வீணாகிறது. உறையில் தயாரித்த தேதி, காலாவதித் தேதி, மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண், ஒரு கிராமில் எத்தனை உயிரணு என்ற கணக்கு நான்கும் இருக்க வேண்டும். கிராமுக்குக் குறைந்தது 10 கோடி, அதாவது 1×10⁸ என்று போட்டிருக்கும். மாக்கல் தூளில் உயிரணு எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் குறையும். காலாவதிக்கு இன்னும் சில நாளே இருக்கும் பாக்கெட் தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். கடை வாசலில் வெயில் படும் இடத்தில் அடுக்கியிருந்தால் தேதி சரியாக இருந்தும் பயனில்லை. வீட்டிலும் நிழலான, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். உரமூட்டை பக்கத்தில் வேண்டாம்.

திரவ வடிவமும் கிடைக்கிறது. விதைக்குக் கிலோவுக்கு 10 மில்லி, நாற்று வேருக்கு ஏக்கருக்கு 200 மில்லி, தெளிப்புக்கு லிட்டருக்கு 5 மில்லி என்பது பிஎஃப் 1 திரவத்துக்கான அளவு. வேறு தயாரிப்பு என்றால் உறையில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள்.

பேசில்லஸ் சப்டிலிஸ் இன்னொரு நல்ல தேர்வு. அது உறங்குநிலை வித்துகளாக மாறிக்கொள்ளும் பாக்டீரியா என்பதால் வெப்பத்தையும் வறட்சியையும் சூடோமோனாஸை விட நன்றாகத் தாங்கும், அலமாரியிலும் நீண்ட நாள் இருக்கும். டிரைக்கோடெர்மா விரிடியைத் தூக்கிக் கையில் கொடுத்து "எல்லாவற்றுக்கும் கேட்கும்" என்றால் நம்ப வேண்டாம். அது ஒரு பூஞ்சணம், மண்ணில் உள்ள நோய்ப் பூஞ்சணங்களுக்கு எதிராகத்தான் அதன் முதன்மையான வேலை. பி.பி.எஃப்.எம். என்ற இளஞ்சிவப்பு நிற பாக்டீரியாவும் வறட்சியைத் தாங்குவதற்குக் கொடுப்பது.

வெல்லக் கரைசலில் ஒரு பாக்கெட்டைப் போட்டு வீட்டிலேயே பீப்பாயில் பெருக்கிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். வெல்லத் தண்ணீரில் காற்றில் வரும் எதுவும் வளரும். கடைசியில் பீப்பாயில் இருப்பது சூடோமோனாஸா, வேறு ஏதாவதா என்று வயலில் நின்று சொல்ல யாராலும் முடியாது. பணம் மிச்சம் என்று தோன்றினாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விதையில் தொடங்குங்கள்

நல்ல விதை எடுக்க உப்புத் தண்ணீர் முறை தெரிந்ததுதான். தண்ணீரில் புது முட்டையைப் போட்டு, முட்டை மிதந்து மேலே 25 பைசா அளவு தெரியும் வரை உப்பைக் கரைத்து, அதில் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை அள்ளிவிட வேண்டும். ஆனால் அதன் பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாமல் நேரே நேர்த்திக்குப் போகாதீர்கள். உப்பு முளைப்பையும் கெடுக்கும், பாக்டீரியாவையும் கொல்லும்.

ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் தூள், ஒரு லிட்டர் தண்ணீர். தூளைத் தண்ணீரில் கரைத்து விதையை இரவு முழுதும் ஊற வையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி 24 மணி நேரம் முளைகட்டிய பிறகு விதைக்கலாம். வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் நாற்றங்காலில் ஊற்றுங்கள், அதிலும் பாக்டீரியா இருக்கிறது.

குறுகிய கால ரகத்துக்கு ஏக்கருக்கு 24 கிலோ விதை என்றால் 240 கிராம் தூள் போதும். 12 கிலோ போதும் என்ற நீண்ட கால சம்பா ரகத்துக்கு 120 கிராம். இந்த முழு வழிகாட்டியில் இதைவிடக் குறைந்த செலவில் அதிகம் தரும் வேலை வேறு இல்லை.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களை இதோடு சேர்த்து ஊறவைக்கலாம், ஒன்றுக்கொன்று பகை இல்லை. கார்பன்டசிம் போன்ற பூஞ்சணக்கொல்லியில் விதைநேர்த்தி செய்பவர்கள் அதையும் இதையும் ஒன்றாகச் செய்யக் கூடாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரே நல்லது.

ஒற்றை நாற்றாக இடைவெளி விட்டு நடும் செம்மை நெல் சாகுபடியில் ஏக்கருக்கு 3 கிலோ விதையே போதும். அப்போது 30 கிராம் தூள் என்பதால் இதைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை.

நாற்றை நனைத்தல்

நாற்றுப் பறிக்கும்போது அறுந்த வேர்தான் கிருமிக்குத் திறந்த கதவு. அந்தக் கதவில் முதலில் நம் பாக்டீரியாவை உட்கார வைப்பதுதான் இந்தப் படியின் நோக்கம். தவறவிட்டால் பின்னால் ஈடுகட்ட முடியாது.

நடவு வயலின் ஒரு மூலையில் 10 அடிக்கு 10 அடி இடத்துக்குச் சுற்றிலும் சின்ன வரப்பு கட்டி, ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிறுத்துங்கள். சுமார் 250 லிட்டர் பிடிக்கும். அதில் ஒரு கிலோ தூளைத் தூவிக் கலக்குங்கள். பறித்த நாற்று முடிகளை (கட்டுகளை) வேர் நனையும்படி அதில் குறைந்தது 30 நிமிடம் நிறுத்தி வைத்து, பிறகு எடுத்து நடுங்கள். அதிக நேரம் நின்றால் இன்னும் நல்லது. நடவு ஆட்கள் வேகமாக நடுவார்கள், முடிகள் காத்திருக்காது. அதனால் முந்தின நாள் மாலையே குட்டையைத் தயார் செய்து, காலை முதல் கட்டுகளை வரிசையாக அதில் இறக்கிவிட்டால் நடவு நிற்காமல் நடக்கும். சேறு படிந்த வேரை முதலில் அலசிவிட்டால் கரைசல் வேரில் நன்றாகப் படும்.

இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்கால் போடுபவர்கள் குட்டையில் முக்க முடியாது. நடவுக்கு முன்னால் பாய்களின் மேல் கரைசலைப் பூவாளியால் ஊற்றி ஊறவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். நேரடி விதைப்பில் இந்தப் படியே இல்லை. நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கம் பலர் நேரடியாகவே விதைக்கிறார்கள். அவர்களுக்கு விதைநேர்த்தியும், அடுத்து வரும் மண் இடுதலும் இரட்டிப்பு முக்கியம்.

நாற்று முற்றி நீண்டுவிட்டால் நுனியைக் கிள்ளி நடும் வழக்கம் உண்டு. தண்டுத்துளைப்பானின் முட்டைக் குவியலை அகற்றவும் அப்படிச் சொல்வார்கள். உங்கள் வயலில் முந்தைய ஆண்டுகளில் இலைக்கருகல் வந்திருந்தால் கிள்ளாதீர்கள். ஒரு நாற்றுக் கட்டின் நுனியைக் கிள்ளிய கத்தியோ கையோ அடுத்த கட்டுக்கும் கிருமியைக் கொண்டு போகும். முட்டைக் குவியல் இருக்கும் நாற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் போடலாம்.

நட்ட வயலில் மண்ணுக்கு

நட்டு 30 நாளில், ஏக்கருக்கு ஒரு கிலோ தூளை 20 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்திலோ மணலிலோ கலந்து வயல் முழுதும் தூவ வேண்டும். தொழு உரமே மேல், பாக்டீரியாவுக்குத் தீனியும் கிடைக்கும். பச்சைச் சாணம் வேண்டாம்.

டெல்டாவில் செப்டம்பர் கடைசியில் நட்டால் இந்த 30வது நாள் அக்டோபர் கடைசியில் வரும். அப்போது மழை தொடங்கி வயல் முழங்கால் ஆழம் நிற்கும். தூவியது அத்தனையும் மடை வழியாக வடிகாலுக்குப் போய்விடும். அதனால் வானிலை அறிவிப்பைப் பார்த்து, 30வது நாளை இறுக்கிப் பிடிக்காமல் நாலைந்து நாள் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். தண்ணீரைச் சேறு தெரியும் அளவுக்கு வடித்துவிட்டுத் தூவி, இரண்டு நாள் மடையை அடைத்து வையுங்கள்.

சூடோமோனாஸ் மூச்சுக்குக் காற்று தேடும் உயிர். நெல் வேர் தன்னைச் சுற்றிச் சிறிது ஆக்சிஜனைக் கசியவிடுவதால்தான் சேற்றுக்குள்ளும் அது பிழைக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் வயலில் அதன் நிலை இன்னும் நன்றாக இருக்கும். அதே நேரம் வயலுக்கு வயல் தண்ணீர் கடத்தும் பழக்கம் மேல்வயல் நோயைக் கீழ்வயலுக்குக் கொண்டுவந்து விடும். பாசன அமைப்பு அப்படி இருந்தால் முழுதாகத் தவிர்க்க முடியாது. மேல்வயலில் நோய் தெரிந்தால், முடிந்தவரை உங்கள் மடையை அடைத்து வாய்க்காலிலிருந்து தனியாக எடுங்கள்.

யூரியா

இந்த நோயைப் பற்றி எத்தனை சொன்னாலும் கடைசியில் யூரியாவில்தான் வந்து நிற்கும். கரும்பச்சையாக, தளதளவென்று நிற்கும் வயலில்தான் இலைக்கருகல் முதலில் இறங்கும். அதிகத் தழைச்சத்தில் இலை மென்மையாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்து, ஈரம் காயாமல், கிருமிக்குச் சோறு போட்டு வைக்கிறது. நீங்கள் எத்தனை சூடோமோனாஸ் கொடுத்தாலும் மழைக்கு முந்தின வாரம் ஒரு மூட்டை யூரியாவை வீசினால் அத்தனையும் வீண்.

இலையின் பச்சை நிறத்தை எண்ணிட்ட பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டை வைத்துப் பாருங்கள். நட்ட 14வது நாளிலிருந்து வாரம் ஒரு முறை, பொதுவான ரகங்களுக்கு 4, வெள்ளைப் பொன்னிக்கு 3 என்ற அளவுக்குக் கீழே நிறம் வந்தால் மட்டும் யூரியா. அதையும் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். பொட்டாஷைக் குறைக்காதீர்கள். மேலுரத்தில் பொட்டாஷை மறந்துவிடும் வயல்களில் நோய் கடுமையாக இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இலையில் தெளிப்பு

நட்ட 45வது நாளிலிருந்து 10 நாள் இடைவெளியில் மூன்று தெளிப்பு. லிட்டருக்கு 5 கிராம் தூள், ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல். அதாவது ஒரு தெளிப்புக்கு ஒரு கிலோ. தூளை முதலில் வாளித் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். மாக்கல் தூள் நாசிலை அடைக்கும், பாதி வயலில் நின்று நாசிலைக் கழற்றிக் குத்துவது எரிச்சலான வேலை. 10 லிட்டர் டேங்க் என்றால் 50 கிராம், 16 லிட்டர் என்றால் 80 கிராம். ஒட்டு திரவம் சேர்க்கலாம். ஆறிய, வடிகட்டிய அரிசிக் கஞ்சியும் கொஞ்சம் ஒட்ட வைக்கும்.

மாலை நாலு மணிக்கு மேல் தெளியுங்கள். வெயிலும் புற ஊதாக் கதிரும் இலை மேல் உள்ள பாக்டீரியாவைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். மாலையில் தெளித்தால் இரவு முழுதும் ஈரத்தில் அது பரவி, விடியற்காலை அந்த நீர்த்துளிகளில் முதல் இடம் பிடிக்கும். டேங்க் முந்தின நாள் தாமிரப் பூஞ்சணக்கொல்லியோ ஆண்டிபயாட்டிக்கோ அடித்தது என்றால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவாமல் இதை ஊற்றக் கூடாது.

பணத்தை எண்ணிச் செலவு செய்பவர் என்றால் ஒன்று சொல்கிறேன். விதை, வேர் இரண்டையும் சரியாகச் செய்தவருக்கு இலைத் தெளிப்பு துணைக்கு. அவற்றை விட்டுவிட்டு இலைத் தெளிப்பு மட்டும் செய்வது மூன்று கிலோ தூளை மழையில் கரைப்பதற்குச் சமம்.

நோய் வந்தே விட்டால்

முதலில் வயலில் தண்ணீரை வடியுங்கள். யூரியாவை அங்கேயே நிறுத்துங்கள். இலை ஈரமாக இருக்கும் காலையில் வயலுக்குள் இறங்கி நடக்காதீர்கள். களை எடுக்கவும் உரம் போடவும் ஆட்களை இலை காய்ந்த பிறகு இறக்குங்கள், நோய் இல்லாத வயலில் தொடங்கி நோயுள்ள வயலில் முடிக்கச் சொல்லுங்கள்.

புதுச் சாணக் கரைசல் 20 விழுக்காடு தெளிக்கும்படி வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. அதுவும் ஒரு வகையில் நுண்ணுயிர் வைத்தியம்தான். 20 கிலோ புதுச் சாணத்தை 100 லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டித் தெளியுங்கள். ஏக்கருக்கு இப்படி 200 லிட்டர் வேண்டும். நோய் தென்பட்டதும் ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை. வேப்பங்கொட்டைச் சாறு 5 விழுக்காடும் பரிந்துரையில் உண்டு.

ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலந்த பொடியைத் தாமிர மருந்தோடு அடிப்பது நெடுநாள் வழக்கம். இவை மனிதர்களுக்கு, காசநோய்க்குக் கூட, கொடுக்கும் மருந்துகள். வயலில் வீசினால் கிருமிகள் இவற்றுக்குப் பழகிவிடும் என்பதால் இந்தக் கலவையைப் பயிர்களில் தடை செய்யும் வரைவு ஆணையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. தாமிரமோ ஆண்டிபயாட்டிக்கோ அடித்தால் நோய்க்கிருமியோடு நீங்கள் கொடுத்த சூடோமோனாஸும் சாகும். இரண்டையும் மாற்றி மாற்றி அடிப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

கதிர் இலையுறைக்குள் திரளும் பொதி பருவத்துக்குப் பிறகு, கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலையும் கருகத் தொடங்கினால் மணி பாலேறுவது குறையும், பதர் கூடும். அந்த நிலையில் அடிக்கும் எதுவும் செலவுக் கணக்கில்தான் சேரும்.

ரகமும் அறுவடைக்குப் பிறகும்

ஆந்திரா பொன்னி என்று நாம் அழைக்கும் பிபிடி 5204 இந்த நோய்க்கு எளிதில் இலக்காகும். அதன் அரிசிக்காக அதையே நடுபவர்கள் மேலே சொன்ன எதையும் விடக் கூடாது. ஐதராபாத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனமும் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து அதே ரகத்தில் எக்ஸ்ஏ 21, எக்ஸ்ஏ 13, எக்ஸ்ஏ 5 என்ற மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து, 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி'யை 2008இல் வெளியிட்டன. எக்ஸ்ஏ 21 ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. விதை கிடைத்தால் நோய் அடிக்கடி வரும் வயலில் இதைப் போட்டுப் பார்க்கலாம். அப்போதும் விதைநேர்த்தியை விட வேண்டாம், கிருமியும் காலப்போக்கில் மரபணுவை மீறப் பழகும்.

இவையெல்லாம் உங்கள் மண்ணில் எவ்வளவு பலன் தருகின்றன என்று அறிய ஒரு மா நிலத்தில் எதுவும் கொடுக்காமல் விட்டுப் பாருங்கள். அதே ரகம், அதே நாளில் நடவு, அதே யூரியா, அதே பாசனம். மேல்வயல் தண்ணீர் முதலில் பாயும் வயலாக அது இருக்கக் கூடாது, ஒப்பீடு கோணலாகிவிடும். பூக்கும் தறுவாயில் இரண்டிலும் வரப்போரத்தை விட்டு உள்ளே போய், குறுக்காக நடந்து, அங்கங்கே குத்துகளில் மேல் மூன்று இலைகளில் எத்தனை பங்கு கருகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக அளந்து மூட்டை கட்டுங்கள்.

அறுவடைக்குப் பின் கிருமி அறுத்த தாளின் அடிக்கட்டையிலும், தானாக முளைத்த நெல்லிலும், வரப்பில் உள்ள புல், கோரைகளிலும் தங்கியிருக்கும். தாளை எரிக்காமல் கோடை உழவில் மடக்கி மக்க விடுங்கள். வாய்க்கால் ஓரப் புல்லை அடுத்த நாற்றங்கால் போடும் முன் செதுக்கிவிடுங்கள். நோய் வந்த வயலின் நெல்லை விதைக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.